முன்வரிசை ஐம்பது காசு

தோட்டத்துத் திடலில் படம் போட்டால் முன்னால் நாற்காலியில் உட்காருகிறவர் யார்? துரை. அவருக்குப் பக்கத்தில் பெரிய கிராணி, டிரசர், அவர்கள் வீட்டுப் பிள்ளைகுட்டிகள். நம்மவர்கள் எங்கே? பின்னால், புல்தரையில், சாக்கை விரித்துப் போட்டுக்கொண்டு! ஆனால் டவுன் கொட்டகைக்குப் போனால் எல்லாம் தலைகீழ். அங்கே முன்வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்க்கிறவன்தான் கூலிக்காரன். காசுள்ளவன் பின்னால் போவான். இன்னும் காசிருந்தால் மாடிக்குப் போவான்.

சின்ன வயதில் எனக்கு இந்தக் கணக்குப் புரியவில்லை. சிங்கப்பூரில் முதன்முதலாகக் கொட்டகைக்குள் போனபோது, "நாமதாம்ப்பா எல்லாருக்கும் முன்னாடி ஒக்காந்திருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா சிரித்துக்கொண்டார். அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரநாற்காலிதான், மெத்தை கிடையாது, மூட்டைப்பூச்சி வேறு. ஆனாலும் அது நாற்காலி. கிராணி முன்னால் நின்று, மண்டோர் முன்னால் நின்று, சம்பள மேசை முன்னால் நின்று பழகிய பெண்ணுக்கு, ஐம்பது காசு கொடுத்தால் மூன்று மணி நேரம் உட்கார ஒரு நாற்காலி! யாரும் எழுந்திரு என்று சொல்ல முடியாது!

சிங்கப்பூர்க் கொட்டகைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு நடிகர்கள் நினைவுக்கு வருவதற்கு முன்னால் அந்த நாற்காலிதான் வருகிறது. ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலரும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

திடல் படம்

முதலில் தோட்டத்துப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பத்தை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். வேனில் மின்சார மோட்டார் வரும். பதினாறு மில்லிமீட்டர் மெஷின் ஒன்றே ஒன்றுதான், ஆகவே ஒரு சுருள் முடிந்தால் அடுத்த சுருள் மாட்டுகிற வரைக்கும் திடல் இருட்டாகிவிடும். அந்த இருட்டில் விசில் பறக்கும், கச்சாங் பூத்தே விற்கிறவர் அவசரமாக ஒரு சுற்று வருவார். மெஷினிலிருந்து போகிற வெளிச்சத்தில் ஈசலும் வண்டும் வட்டமிடும். கதாநாயகியின் கன்னத்தில் பெரிய கருவண்டு வந்து உட்காரும்.

முன்னால் இடம் கிடைக்காத பையன்கள் திரைக்குப் பின்பக்கம் போய்விடுவோம். அங்கே கூட்டமில்லை, துரையின் தலை மறைக்காது. ஒரே குறை, எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். எழுத்து கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கும், கதாநாயகன் இடக்கையால் கத்திச் சண்டை போடுவார். எம்.ஜி.ஆர். இடக்கைக்காரர் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குப் படம் வந்த கதை பழசு. பேசாத படக் காலத்திலேயே, 1920-களில், ஷாங்காயிலிருந்து சிங்கப்பூர் வந்த ஷா சகோதரர்கள் மலாயாவின் உள்ளூர்களுக்கு வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போய்த் திறந்தவெளியில் படம் காட்டினார்கள். டவுனில் கொட்டகை கட்டிய பெரிய தவுக்கேக்கள் ஆவதற்கு முன்னால் அவர்கள் ஊர் ஊராய்ப் போனவர்கள். போருக்குப் பின், 1946-ல், மலாயா பிலிம் யூனிட் என்ற அரசாங்க நிறுவனம் வந்தது. 1948-ல் அவசரகாலம் பிறந்ததும் தகவல் இலாகா வேன்கள் தோட்டம் தோட்டமாக வந்து அரசாங்கச் செய்திப் படங்களைக் காட்டின. கொசு ஒழிப்பு, பயங்கரவாதிக்குச் சோறு கொடுக்காதே, அடையாளக் கார்டைப் பத்திரமாக வை, இப்படி. நம்மவர்கள் அதையும் பொறுமையாகப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு தமிழ்ப் பாட்டாவது வராதா என்ற நப்பாசைதான்!

பாலம் கடந்து

சிங்கப்பூருக்குப் போவது வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை நடக்கிற காரியம். தீபாவளிக்குத் துணி எடுக்க ஒரு தடவை, போனஸ் காசு வந்தால் இன்னொரு தடவை. அந்த நாளில் ஜொகூர் பாலத்தில் பாஸ்போர்ட் கேட்கிற வழக்கம் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளி, ஒரே காசு. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. 1967-ல் குடிநுழைவுச் சோதனை வந்தது, அதே ஆண்டில் நாணயமும் தனித்தனியானது. 1973 வரை ஒரு பக்கத்து வெள்ளி மறுபக்கத்திலும் சரிக்குச் சரி செல்லுபடியானது. அதற்குப் பிறகு அதுவும் போயிற்று. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம் தோட்ட மக்களுக்கு, சினிமா பார்க்கப் பாலம் தாண்டுவது அந்தச் சில ஆண்டுகளுக்குள் பெரிய காரியமாகிவிட்டது.

எங்கள் நாளில் அப்படியில்லை. ஜொகூர் பாருவில் பஸ் ஏறினால் குவீன் ஸ்திரீட்டில் கொண்டுவந்து விடும். அங்கேயிருந்து நடை. ஒரு பக்கம் போனால் நார்த் பிரிட்ஜ் ரோடு: ராயல், டைமண்ட். இன்னொரு பக்கம் போனால் தேக்கா: மெக்கன்சி ரோட்டில் ரெக்ஸ். எல்லாம் கால்நடைத் தூரம்தான். அம்மா முதலில் சிராங்கூன் ரோட்டில் சாமான் வாங்கி முடிப்பார். பழைய ஆட்கள் அந்த ரோட்டைச் சுண்ணாம்புக் கம்பம் என்றுதான் சொல்வார்கள். பிறகு வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. அப்புறம்தான் படம்.

டிக்கெட் வாங்குகிற இடத்தில் சின்னக் கம்பிச் சன்னல் இருக்கும். உள்ளே இருக்கிற ஆள் நாற்காலிப் படம் வரைந்த தாளை வைத்துக்கொண்டு, விற்ற இடத்தைக் கலர் பென்சிலால் அடித்துவிட்டு, மெல்லிசான டிக்கெட்டில் நம்பரைக் கிறுக்கித் தருவார். அந்தத் தாளைத் தொலைத்தால் உள்ளே விடமாட்டார்கள் என்று அம்மா முந்தானையில் முடிந்துகொள்வார். வாசலில் கச்சாங் பூத்தே. அதை விற்றவர்கள் அநேகமாக நம்மவர்களே. தலையில் தட்டு, தட்டில் பல தினுசுக் கடலை, பழைய பள்ளிக்கூடக் கொப்பியைக் கிழித்துச் சுருட்டிய கூம்பு. தின்று முடித்ததும் அந்தத் தாளை விரித்து, யாரோ ஒரு பிள்ளை போட்ட தப்புக் கணக்கைப் படிப்போம்.

பாட்டுப் புத்தகத்தையும் சொல்லவேண்டும். பத்துக் காசோ என்னவோ. முதல் பக்கத்தில் நடிகர்கள் பெயர், பிறகு கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். கதைச் சுருக்கம் எப்போதும் ஒரே மாதிரி முடியும்: மீதியை வெள்ளித்திரையில் காண்க! எங்கள் வீட்டுக்கு அந்த மீதி கிடைப்பதில்லை. ஏன் தெரியுமா? தோட்டத்துப் பக்கம் போகிற கடைசி பஸ். தமிழ்ப் படம் மூன்று மணி நேரம் ஓடும். முடிகிற வரைக்கும் உட்கார்ந்தால் ஜொகூர் பாருவில் பஸ் போய்விடும், பஸ்ஸை விட்டால் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நிற்க முடியாது, பெரட்டில் இல்லாவிட்டால் பேர் கிடையாது, பேர் இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே கதாநாயகனுக்கு ஆபத்து வருகிற நேரத்தில் அப்பா எழுந்து நிற்பார். "ஏ புள்ள, கிளம்பு" என்பார். "இருங்க, அந்தப் பாவிய அடிக்கட்டும்" என்று அம்மா கெஞ்சுவார். பின்வரிசைக்காரர்கள் உட்காரச் சொல்லிக் கத்துவார்கள். நாங்கள் குனிந்தபடியே வெளியே வருவோம்.

இப்படித்தான் பாசமலர் பார்த்தோம். 1961-ல் வந்த படம். சிவாஜி அண்ணன், சாவித்திரி தங்கை. இருவரும் பிரிந்து கிடக்கிற கட்டத்தில் எங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முடிவை அம்மாவே முடிவு செய்துகொண்டார். லயத்துப் பெண்கள் கேட்டபோது, "கடைசில அண்ணனும் தங்கச்சியும் சேந்துருவாங்க அக்கா, கொழந்தய மடியில வச்சிக் கொஞ்சுவாரு" என்று சொன்னார். தண்ணீர்க் குழாயடியில், ஆயாக் கொட்டகையில், பால் நிறுக்கிற ஸ்டோரில், எங்கள் லயம் முழுவதும் பாசமலர் நல்லபடியாகவே முடிந்தது.

சில வருடம் கழித்து அதே படம் எங்கள் திடலுக்கு வந்தது. துணி கட்டினார்கள், சாக்கு விரித்தோம். இந்தத் தடவை பஸ் இல்லை, அம்மா கடைசி வரைக்கும் பார்த்தார். அண்ணன் சாகிறான், தங்கையும் சாகிறாள். திடலே அழுதது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "என்னாடி, நீ வேற மாதிரியில்ல சொன்னே?" என்று கேட்டார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டவுன்ல பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

காசைக் கரியாக்கியவர்களா?

அந்த நாளில் தோட்டப் பாட்டாளிகளுக்கு எழுதியவர்களில் பாதிப்பேர், சினிமாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்று உபதேசம் செய்தவர்கள்தான். சம்பள நாளன்று கள்ளுக்கடையும் சினிமாவும் தொழிலாளியின் பையைக் காலி செய்கின்றன என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. படத்துக்காக அட்வான்ஸ் வாங்கியவர்கள் இருந்தார்கள், நடிகருக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது நியாயமில்லை. கள்ளுக்கடைக்கு ஆண் தனியாகப் போனான். கொட்டகைக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு போனான். அம்மா ஒட்டுப்பால் பொறுக்கிச் சேர்த்த காசைக் கணக்குக் கேட்காமல் செலவழித்த ஒரே இடம் அதுதான். அரிசிக் கடனுக்கும் போகவில்லை, சாராயத்துக்கும் போகவில்லை.

திரையிலே யாரைப் பார்த்தோம் என்பதும் இருக்கிறதே! எம்.ஜி.ஆர். 1964-ல் தொழிலாளியாக வந்தார், அதே ஆண்டில் படகோட்டியாக வந்தார், 1967-ல் விவசாயி, 1971-ல் ரிக்‌ஷாக்காரன். இலங்கை மலைநாட்டில், கண்டிப் பக்கம், 1917-ல் பிறந்தவர் அவர். தேயிலைத் தோட்டத்துக் காற்று பட்டவர் என்று எங்கள் லயத்தில் சொந்தம் கொண்டாடுவார்கள். ஆனால் பால்மரம் வெட்டுகிறவனாக ஒரு கதாநாயகன் எங்கள் கண்ணில் பட்டதேயில்லை. உளியும் வாளியும் நெற்றி விளக்குமாக விடியற்காலையில் ஒருவர் திரையில் நடந்து வரமாட்டாரா என்று நான் காத்திருந்தது வீண். பிற்பாடு சிங்கப்பூரே படத்தில் வந்தது: 1978-ல் பிரியா, 1979-ல் நினைத்தாலே இனிக்கும். ரஜினியும் கமலும் நம் ரோடுகளில் நடக்கிறார்கள் என்று அதிசயப்பட்டோம். அழகான ரோடு, அழகான பூந்தோட்டம், உயர்ந்த கட்டடம். அதையெல்லாம் கட்டிய, கூட்டிய நம்மவர் முகம் ஓரத்தில்கூடத் தெரியவில்லை. என்றாலும் பார்த்தோம், கைதட்டினோம்.

இதற்கு நேர்மாறான ஒரு சங்கதியும் உண்டு. பாலஸ்டியர் ரோட்டுக்கு உள்ளே ஜாலான் அம்பாஸ் என்று ஒரு சின்னச் சந்து. ஷா சகோதரர்களின் மலாய்ப் படப் பட்டறை 1947 முதல் 1967 வரை அங்கேதான் நடந்தது. பி. ரம்லியின் புகழ் அங்கே பிறந்தது. அந்த ரம்லியைக் கதாநாயகனாக முதலில் நிறுத்திய படம் 1950-ல் வந்த பக்தி. அதை இயக்கியவர் யார்? எல். கிருஷ்ணன், 1922-ல் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர்! அவருக்கு முன்னாலும் பின்னாலும் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் அந்தப் பட்டறையில் வேலை செய்தார்கள். தமிழ்ப் படத்து அழுகையும் பாட்டும் பழைய மலாய்ப் படங்களில் ஏன் அப்படிக் கேட்கிறது என்று இனிமேல் யாரும் வியக்க வேண்டாம்.

பூட்டிய கதவு

கொட்டகை என்றால் எல்லாமே இனிப்பான நினைவில்லை. ஜப்பான்காரன் காலத்தை அனுபவித்த பெரியவர்கள் இலவசப் படம் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் மாறுவார்கள். சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, மலாயாவில் சில இடங்களில் இலவசப் படம் என்று தண்டோராப் போட்டு, கூட்டம் உள்ளே போனதும் கதவைப் பூட்டி, ஆண்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனார்கள். படம் பார்க்கப் போன மகன் திரும்பவில்லை. இது பாட்டிகள் சொன்ன கதை மட்டுமல்ல, சரித்திரக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள். என் சின்னப் பருவத்தில்கூட எங்கள் லயத்துக் கிழவி ஒருத்தி, திடலில் படம் போடுகிற இரவில் தன் பேரன்களை வீட்டுக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். நாங்கள் அவளைக் கேலி செய்தோம், ஏனென்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதே காலத்தில் சிங்கப்பூரில் இன்னொரு கொட்டகை. 1939 அக்டோபரில் திறந்த கேத்தே. பதினாறு மாடிக் கட்டடம், அந்நாளில் ஊரிலேயே உயரமானது, உள்ளே குளிர்சாதனக் காற்று. ஜப்பானியர் அதற்குத் தாய் தோவா கெக்கிஜோ என்று பெயர் மாற்றினார்கள். அங்கேதான் 1943 ஜூலை 4-ல் ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தார். அக்டோபர் 21-ல் அதே மண்டபத்தில் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசாங்கத்தை நேதாஜி பிரகடனம் செய்தார். அதைத் தொடர்ந்து தோட்டத்துப் பையன்களும், ஜான்சி ராணிப் படைக்குத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் போனார்கள். அதற்கு முன் பணக்காரர் குளிர்காற்றில் உட்கார்ந்து படம் பார்த்த மண்டபம் அது. ஒரு கொட்டகைக் கதவு பூட்டி நம்மவர்களைச் சயாமுக்கு அனுப்பியது. இன்னொரு கொட்டகையிலிருந்து கிளம்பிய குரல் நம்மவர்களைப் பர்மா எல்லைக்கு அனுப்பியது. இரண்டிலும் திரும்பாதவர்கள் ஏராளம்.

போர் முடிந்து 1946-ல் ரெக்ஸ் திறந்தது.

கொட்டகைகள் போன வழி

எல்லாக் கொட்டகையையும் வரிசையாகச் சொல்ல இங்கே இடமில்லை. தமிழ்ப் படத்துக்கு ராயலும் டைமண்டும் பேர்போனவை. கேலாங்கில் கேரிக் என்று ஒரு பழைய கொட்டகை இருந்தது, பிறகு அது கேலக்ஸி ஆயிற்று. ஜாலான் புசார்ப் பக்கம் 1923-ல் தொடங்கிய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் படக்கொட்டகை, நாடகம், ராட்டினம் எல்லாம் ஒரே வேலிக்குள். சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இவையெல்லாம் ஒரேயடியாகச் சாகவில்லை. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது, அதே டிசம்பரில் மலேசியாவிலும் வந்தது. முதலில் சமூக நிலையத்திலும் மனமகிழ் மன்றத்திலும் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம், பிறகு அவரவர் வீட்டில். 1980-களில் வீடியோ கேசட் வந்து மிச்சத்தைக் கெடுத்தது. கடையில் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் பத்து வீட்டு ஜனம் பார்க்கலாம் என்றால் கொட்டகைக்கு யார் போவார்கள்? நிலத்தின் விலை ஏறியது, பழைய வட்டாரங்களை இடித்தார்கள். 1970-களிலேயே ராயல் போயிற்று. ரெக்ஸ் 1983-ல் மூடியது. நியூ வோர்ல்டு 1987-ல் மூடியது. அந்த இடத்தில் 2009-ல் சிட்டி ஸ்குவேர் மால் வந்தது, பழைய வாசல் தூண்களை மட்டும் நினைவுக்கு வைத்திருக்கிறார்கள்.

கொட்டகைக்கு முன்னாலேயே பார்க்கிற ஜனமும் கலைந்துவிட்டது என்பதை இந்த விஷயம் பற்றி எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளிகள் இருந்தார்கள். பிரிட்டிஷ் படை 1971-ல் வெளியேறியபோது பலர் வேலையிழந்து ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம், 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் என்று சட்டம் வந்து, தோட்டத்தில் பாதி லயம் காலியானது. முன்வரிசை ஐம்பது காசுக்காரர்கள் அவர்கள்தானே! அவர்கள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, முன்வரிசை யாருக்கு வேண்டும்?

1992 மே மாதம் யீஷூனில் பத்துத் திரைகளோடு ஒரு புதுமாதிரிக் கொட்டகை திறந்தார்கள். ஒரே கூரைக்கடியில் பத்துப் படம்! அதற்குப் பிறகு கட்டியவை எல்லாம் அந்த மாதிரிதான். எனக்கு அதில் ஒரு விசேஷம். யீஷூன் என்பது நீ சூன் என்ற பெயரின் மாண்டரின் உச்சரிப்பு. லிம் நீ சூன் யார்? ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் பெரும் பணக்காரரான தவுக்கே. பால்மரம் நின்ற வட்டாரத்தில்தான் புதுக் கொட்டகை எழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். மெத்தை நாற்காலி, நல்ல குளிர், மூட்டைப்பூச்சி கிடையாது. முன்னால் உட்கார்ந்தாலும் பின்னால் உட்கார்ந்தாலும் ஒரே விலை. இது சமத்துவம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்புப் பிரித்து வைத்திருந்த காலத்தில் ஏழைக்கு மோசமான இடமாவது ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். ஒரே விலை என்று வந்ததும் அந்த மோசமான இடமும் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவில்

2009-ல் ரெக்ஸைத் தமிழ், இந்திப் படங்களுக்காக மறுபடியும் திறந்தார்கள். பழைய ஆட்கள் சிலர் படத்துக்காக இல்லாமல் கட்டடத்துக்காகவே டிக்கெட் வாங்கினோம். உள்ளே எல்லாம் புதுசு. ஆனால் வாசலில் நின்ற கூட்டம் எனக்குப் பழசாகத் தெரிந்தது. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. துவைத்து மடித்த சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. எங்கள் அப்பா பாலம் தாண்டுகிற நாளில் இப்படித்தான் சீவிக்கொள்வார்.

அவர்களுக்கு டிக்கெட் விலை லேசான காரியமில்லை. முதலாளி கொடுக்கிற அடிப்படை நாள் கூலியில் ஒரு பெரிய துண்டு அதில் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமையில் தேக்காவில் பலர் படம் பார்ப்பது கைபேசியில்தான். புல்தரையில் இரண்டு பேர், மூன்று பேராக உட்கார்ந்து, ஒருவன் கையில் பிடித்துக்கொள்ள மற்றவர்கள் தோளில் சாய்ந்துகொண்டு பார்க்கிறார்கள். விடுதிகளுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கென்று பொழுதுபோக்கு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே திரையில் தமிழ்ப் படம் போடுகிற வழக்கம் இருக்கிறது. நாள் முழுதும் கம்பி கட்டிவிட்டு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு வந்தால் விசிலும் வருகிறது. மறுநாள் விடியற்காலையில் லாரி வரும், அதனால் படம் முடிவதற்கு முன்னாலேயே எழுந்து போகிறவர்களும் உண்டு.

தோட்டத்துப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் கடைசியாகத் திடலில் துணி கட்டிப் படம் போட்டது எந்த ஆண்டு, என்ன படம்? அந்த வெள்ளைத் துணி என்ன ஆயிற்று? யாரிடமாவது பழைய பாட்டுப் புத்தகம் மிஞ்சியிருக்கிறதா? ஆண்டும் தோட்டத்தின் பெயரும் சேர்த்து இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். பாட்டுப் புத்தகத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம், வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும். கரையான் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.